காலால் ஓர் உபசாரம்

என் கணவரை உதைப்பதற்கு முன்னர் நான் அவருக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னேன். அவரும் எனக்குச் சொன்னார். விளையாட்டின் விதி அப்படி.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அது. கனடாவில், மல்வேர்னில், எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் வெறுங்காலோடு நின்றோம். முதல்நாள் வெட்டிய புல் உள்ளங்காலில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் எந்தக் குடும்பமோ கோழி வாட்டிக்கொண்டிருந்தது. புகை எங்கள் பக்கமாகவே வந்தது. மூன்றடி தள்ளி, எனக்கு எதிரே, வெள்ளைச் சட்டையும் தொளதொளத்த வெள்ளைக் காற்சட்டையும் போட்டபடி இவர் நின்றார். சுற்றிவர ஒரு முப்பது பேர் புல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் கொரியர்கள். மீதிப்பேர் நாயோடு நடக்க வந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள்.

"வதனி, கவனம்," என்றார் இவர் வாய்க்குள்.

"நீங்கள் உங்கடை காலைக் கவனியுங்கோ," என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் மகள் எடுத்த படம்தான் இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. என் பாதம் இவருடைய தொடையில் இருக்கிறது. இவருடைய வாய் திறந்திருக்கிறது. மகள் அதைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட, பின்னேரத்துக்குள் அது லண்டன், பாரிஸ், சிட்னி எல்லாம் போய் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை கோயிலில், இந்தத் தொடரை வாசிக்கிற ஓர் அன்ரி என்னைத் தூணோடு மறித்துக் கேட்டார்: "பிள்ளை, கிழமைக்குக் கிழமை உம்மடை கதையெல்லாம் எழுதிறீர். மனுசனுக்குக் காலாலை அடிச்ச கதையை மட்டும் ஏன் ஒளிக்கிறீர்?"

ஒளிக்கவில்லை, அன்ரி. ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஐந்தாவது வீட்டு வாசல்

அந்த ஆனிக்கு முந்திய தை மாதத்தில் நான் விழுந்தேன்.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பதினாறு வருட வேலை. விடிவதற்கு முன்னர் வீட்டிலிருந்து நடந்து போய் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு முதல்நாள் மழை பெய்து அப்படியே உறைந்திருந்தது. எங்கள் வாசலில் இருந்து ஐந்தாவது வீட்டுக்கு முன்னால் இரண்டு காலும் ஒன்றாகப் போயின. இடது மணிக்கட்டு முறிந்தது.

இவருக்கு அன்று விடுமுறை. யன்னலில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தவர், நான் விழுந்ததைக் கண்ணால் கண்டுவிட்டார். சாரத்தோடும் வீட்டுச் செருப்போடும் அந்த ஐஸில் ஓடிவந்தார். அவர் எப்படி விழாமல் வந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கை இரண்டு மாதத்தில் பொருந்திவிட்டது. பொருந்தாமல் போனது வேறு. என் முழங்கையைப் பிடித்த இவருடைய கை, அதற்குப் பிறகு அந்த முழங்கையை விடவேயில்லை.

கடைக்குப் போனால் பிடிப்பார். கோயில் வீதியில் பிடிப்பார். வீட்டுக்குள் குளியலறை வாசல் வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்து, வெளியில் நின்று "என்ன, சரியோ?" என்று கேட்பார். ஒரு கலியாண வீட்டில் மண்டபம் முழுக்க எங்களைப் பார்த்தது. "குடுத்து வைச்சனீர், அப்பிடி ஒரு மனுசன்," என்று ஒருத்தி என் காதுக்குள் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளுடைய பாயாசக் கிண்ணத்தை வாங்கித் தரையில் ஊற்றியிருப்பேன்.

ஆனால் உண்மையையும் எழுதவேண்டும். பயம் இவருக்கு மட்டும் இல்லை. இவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் வெளிப்படியில் கால் வைக்கப் போவேன். கால் போகாது. கதவுப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பி உள்ளே வந்து தேத்தண்ணி வைப்பேன். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இவர் உப்பு வாளியோடு திரிந்தார். ஐஸை உருக்கப் போடுகிற கல்லுப்பை எங்கள் படியில் தொடங்கி, ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு எல்லாம் தாண்டி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் கொட்டிக்கொண்டு போவார். பத்தாவது வீட்டு மனுசி இவரை நகரசபை ஆள் என்று நினைத்துக் குப்பை எடுக்காத முறைப்பாட்டை இவரிடம் சொன்னாள்.

அனுப்பாத கடிதம்

இவருக்கு வேலை பிறம்ரனில், ஒரு பண்டகசாலையில். எனக்கு முன்னமே காரை எடுத்துக்கொண்டு போனால்தான் நேரத்துக்குப் போகலாம். என்னைக் கொண்டுபோய் விட வழியில்லை. ஆகவே இவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"வேலையை விடும். போதும்."

தொழிற்சாலையில் இருந்து கடிதம் வந்திருந்தது. ஆனி முடிவதற்குள் திரும்பி வருகிறேனா இல்லையா என்று சொல்லவேண்டும். இவர் தன் கைபேசியில் என் பெயரில் ஒரு விலகல் கடிதத்தை அழகாக எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார். "எப்ப அனுப்பிறதெண்டு நீர் சொன்னால் சரி," என்பார். என்னைக் கேட்காமல் அனுப்பமாட்டார். அந்த அளவுக்கு நல்லவர். கேட்காமல் எழுதுகிற அளவுக்கு மட்டும்தான் கெட்டவர்.

அது என்ன பெரிய வேலையா என்று கேட்டால், இல்லை. தட்டில் பாண், வெண்ணெய், சின்னக் கரண்டி வைக்கிற வேலை. ஆனால் என் வேலை. அந்த முதல் பஸ்ஸில், சாரதிக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில், கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு போகிற அந்த அரை மணித்தியாலத்தில் நான் ஒருவருடைய மனைவியும் இல்லை, ஒருவருடைய தாயும் இல்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் படியைத் தாண்டாத காலை வைத்துக்கொண்டு எந்த வாயால் "போறன்" என்று சொல்வது?

சும்மா நிற்காத கால்கள்

தொழிற்சாலையில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று தட்டுக் கட்டுகிறவள் மீ-சுக். கொரியாக்காரி. என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு ஓட்டை என்பதால் எங்கள் சிநேகிதத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன்.

முதல் வருடம் அவளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கை வேலை செய்யும்போது அவளுடைய கால் சும்மா நிற்காது. ஒரு காலை முன்னால் வைப்பாள், முழங்காலை மடித்து அமுங்குவாள், பின்னால் எடுப்பாள், மற்றக் காலை வைப்பாள். பாவம், அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து, "நீ போயிட்டு வா, உன் தட்டையும் நான் பார்க்கிறேன்," என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

அது ஒரு சண்டைக் கலையின் காலடி. அந்தக் கலைக்குத் தெக்கியோன் என்று பெயர். சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றின் உடற்பயிற்சி மண்டபத்தில் அவள் அதைச் சொல்லிக்கொடுத்து வந்தாள். நான் பதினாறு வருடமாக "வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் விழுந்த பிறகு ஒருநாள் அரிசிக் கஞ்சியோடு என்னைப் பார்க்க வந்தாள். இவர் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தியதைப் பார்த்தாள். கஞ்சியை மேசையில் வைத்தாள். "சனிக்கிழமை வா. இந்த முறை 'வாறன்' இல்லை. வா," என்றாள்.

தெக்கியோன் என்றால்

பிள்ளைகளை நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் கொண்டுபோய் விட்டு, இடுப்புப் பட்டி நிறம் மாறும்போதெல்லாம் படம் எடுத்தோமே, அந்தக் கொரியக் கலை வேறு. இது அதற்கு முந்தியது. பலகை உடைப்பதில்லை. பட்டி இல்லை. முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ கூத்து என்றுதான் நினைப்பார்கள்.

அடிப்படை மூன்று அடி. ஒரு கால் முன்னே, திரும்பப் பின்னே, மற்றக் கால். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் அமுங்கி எழும்பும். கைகள் தொளதொளவென்று வீசும். மூச்சு வயிற்றில் இருந்து வரும்போது "இக்கு!", "எக்கு!" என்று சத்தம் போடவேண்டும். திடுக்கிட்டால் கொரியர் வாயில் வருகிற சத்தமாம் அது. ஐம்பத்தைந்து வயதில், ஒரு மண்டபத்தின் நடுவில் நின்று "எக்கு" என்று கத்துவது முதல்நாள் வெட்கம். இரண்டாம் கிழமை சுகம்.

உதையும் உண்டு. ஆனால் உடைக்கிற உதை இல்லை, தள்ளுகிற உதை. உள்ளங்காலை எதிராளியில் வைத்துத் தள்ளவேண்டும். அல்லது அவருடைய கணுக்காலில் பாதத்தைக் கொளுவி இழுக்கவேண்டும். அதற்குத் தூண்டில் என்று பெயர். விழுந்தவர் தோற்றார். விழாவிட்டாலும் கை நிலத்தில் பட்டால் தோல்விதான். எதிராளியைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த விதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இந்த விளையாட்டில் தூர ஓடி நிற்க முடியாது. உன் காலில் ஒன்றை எதிராளிக்கு எட்டுகிற இடத்தில் நீயாகவே முன்னால் வைத்துக் கொடுக்கவேண்டும். இந்தா, அடி என்று கொடுக்கவேண்டும். அதற்குக் கொரிய மொழியில் வைத்திருக்கிற சொல், வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பதற்குச் சொல்கிற அதே சொல் என்று மீ-சுக் சொன்னாள்.

தொட்டுக் கும்பிட்ட கை

மூன்று அடியை நான் கெதியாகப் பிடித்துவிட்டேன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

முதல் பயிற்சியில் மீ-சுக் தன் காலை முன்னால் வைத்தாள். நான் என் உள்ளங்காலால் அவளுடைய கெண்டைக்காலைத் தள்ளினேன். தள்ளின அந்தக் கணமே குனிந்து, அவளுடைய காலைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. போன வழியில் விரல் நிலத்திலும் பட்டது.

"கை! தோல்வி!" என்றாள் மீ-சுக்.

மறுபடியும் உதைத்தேன். மறுபடியும் குனிந்தேன். அன்றைக்கு மட்டும் ஒன்பது தரம் தோற்றேன்.

நமக்கு இது புதிதில்லையே. கால் ஓர் ஆளில் பட்டால், புத்தகத்தில் பட்டால், தொட்டுக் கும்பிடாமல் அடுத்த வேலை இல்லை. கனடாவுக்கு வந்த புதிதில் சுரங்க ரயிலில் ஒரு பெரிய வெள்ளைக்காரருடைய சப்பாத்தில் என் கால் பட்டுவிட்டது. நான் குனிந்து அவருடைய சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில் வைத்தேன். அந்த மனிசன் பயந்து அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிப் போய்விட்டார். அது அவருடைய தரிப்பிடம் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மூன்று சனிக்கிழமை இப்படியே போனது. வகுப்பில் இருந்தவர்கள் என்னோடு விளையாட வரிசையில் நின்றார்கள். என்னிடம் வெல்வதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. காலைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும், நானே குனிந்து தோற்றுவிடுவேன்.

நான்காம் சனிக்கிழமை மீ-சுக் என்னை ஓரமாக இருத்திக் கேட்டாள். நான் சொன்னேன். ஒவ்வொருவருக்குள்ளும் கடவுள் இருக்கிறார், காலால் தொட்டால் பிழை, அதற்கு மன்னிப்பு.

அவள் தண்ணீர்ப் போத்தலை மூடி, திறந்து, மூடினாள்.

"நான் உன் வீட்டுக்கு வந்தால் நீ சாப்பாடு வைப்பாய்?"

"வைப்பேன்."

"நான் சாப்பிட்டு முடித்து, உன் காலில் விழுந்து, ஐயோ உன் சோற்றைச் சாப்பிட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொன்னால்?"

"விசரி என்று நினைப்பேன்."

"என் கால் உனக்கு வைத்த சாப்பாடு. நான் விரும்பி வைத்தது. அடி. சாப்பிடு. மன்னிப்புக் கேட்காதே."

எங்கள் ஆட்களுக்கு விருந்தைக் காட்டி ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தினால் விளங்காமல் போகாது. அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கை பாதி வழியில் நின்றது. மீ-சுக் குப்புற விழுந்தாள். எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

வாங்கில் இருந்தவர்

இத்தனைக்கும் இவர் எங்கே என்று கேட்பீர்கள். அங்கேதான். முதல் சனிக்கிழமையே காரில் கொண்டுவந்து விட்டு, என் குளிர் அங்கியையும் தேத்தண்ணிப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரோரத்து நீள வாங்கில் இருந்தார். நான் கொஞ்சம் சரிந்தால் போதும், எழும்பி ஓடிவருவார்.

இரண்டாம் கிழமை மீ-சுக் வாங்கைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். "இங்கே பார்க்கிறவர் இல்லை. நிற்கிறவர் மட்டும்தான்," என்றாள். இவர் நின்றார். நின்றவரை அடியும் எடுத்து வைக்கச் சொன்னாள். ஒரு காலத்தில் கரப்பந்து விளையாடிய கால் இவருக்கு. என்னைவிட நன்றாகவே வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் என்னோடு சோடி சேர்ந்தால் இவர் விளையாடமாட்டார். காலை முன்னால் வைக்காமல் எட்டாத தூரத்தில் தள்ளியே நிற்பார். இரண்டு கையையும் நீட்டியபடி, எப்போது விழுவாள், எப்போது பிடிக்கலாம் என்று பார்ப்பார். நாலு மாதத்தில் ஒருநாளாவது என் பக்கம் ஓர் உதை வந்ததில்லை.

"நீ விருந்து வைக்கவில்லை. காவல் நிற்கிறாய்," என்று மீ-சுக் இவரைத் திட்டினாள். இவர் தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமையும் காவல்தான்.

கோடை தொடங்கும்போது கொரியர்களுக்கு ஒரு பண்டிகை. ஊஞ்சல் ஆடுவார்கள், மல்யுத்தம் பிடிப்பார்கள், தெக்கியோன் விளையாடுவார்கள். மீ-சுக்கின் வகுப்பும் பூங்காவில் விளையாடுவதாக முடிவானது. கடைசிச் சோடியாக எங்கள் இருவரையும் போட்டாள். "குலுக்கிப் போட்டதில் வந்தது," என்றாள். அவள் எதையும் குலுக்கவில்லை.

அன்று காலை தேத்தண்ணி குடிக்கும்போது இவர் கைபேசியை எடுத்தார். "ஆனி முடியப் போகுது. நாளைக்கு உந்தக் கடிதத்தை அனுப்பிவிடட்டோ?"

நான் கோப்பையை வைத்தேன். "இஞ்சாருங்கோ. இண்டைக்கு நான் விழுவன். கட்டாயம் ஒரு தரமாவது விழுவன். விழுந்தால் நானே எழும்புவன். நீங்கள் கை தரக்கூடாது. நான் எழும்பேல்லை எண்டால் நாளைக்கு அனுப்புங்கோ. எழும்பினால் நான் வேலைக்குப் போறன்."

"உது என்ன விசர்க் கதை?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

இவர் கைபேசியைக் கவிழ்த்துத் தன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு "ஓம்," என்றார். அந்தக் கோப்பையை அவர் குடித்து முடிக்கவில்லை.

மூன்று சுற்று

வணக்கம் சொன்னோம். நடுவராக நின்ற மீ-சுக் கையிலிருந்த விசிறியைத் தட்டினாள். முதல் சுற்று.

இவர் வழக்கம்போல் தள்ளி நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு அடி உள்ளே போய், உள்ளங்காலை இவருடைய தொடையில் வைத்துத் தள்ளினேன். படம் அதுதான். அன்ரிமாரே, முப்பது வருட மனைவி கணவனைக் காலால் தொட்டால் கை சும்மா இருக்குமா? என் கை புறப்பட்டுவிட்டது. நான் குனிந்ததைப் பார்த்து, விழப் போகிறேன் என்று இவர் என் முழங்கையைப் பிடிக்கப் பாய்ந்தார். என் கை பாதி வழியில் நின்றது. எனக்கு முன்னால் இவருடைய கணுக்கால் இருந்தது. தூண்டிலைப் போட்டேன். பாய்ந்து வந்தவர் பொத்தென்று புல்லில் இருந்தார். "இக்கு!" என்று கத்தினேன். நாய்களும் சேர்ந்து குரைத்தன.

இரண்டாம் சுற்று. எழும்பி வந்தவருடைய முகம் வேறு மாதிரி இருந்தது. கோபம் இல்லை. என்னை முதன்முதலாக எதிரே நிற்கிற ஆளாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மெதுவாக இடது காலை எடுத்து, எனக்கு எட்டுகிற இடத்தில், ஒழுங்காக முன்னால் வைத்தார். நாலு மாதத்தில் முதல் தடவை. நானும் என் காலை வைத்தேன். மூன்று அடி, இன்னொரு மூன்று அடி. பிறகு இவருடைய தூண்டில் என் கணுக்காலில் விழுந்தது, நான் வானத்தைப் பார்த்தேன்.

இடது பக்கமாக விழுந்தேன். முறிந்த அதே கையில்.

"அம்மா! ஓ மை கோட், அப்பா, ஹெல்ப் ஹேர்!" என்று பிக்கரிங்கில் இருந்து வந்திருந்த எங்கள் மகள் கத்தினாள். மீ-சுக் விசிறியை உயர்த்தி எல்லாரையும் மறித்தாள். ஒருவரும் அசையவில்லை. கோழி வாட்டுகிற புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

படுத்த இடத்தில் இருந்து முதலில் தெரிந்தது இவருடைய பாதங்கள். விரல்கள் புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றன. மேலே பார்த்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தார். தை மாதத்து ஐஸில் ஓடிவந்த அதே முகம்.

மணிக்கட்டை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. ஒரு பக்கமாக உருண்டேன். முழங்காலை ஊன்றினேன். மற்றப் பாதத்தை வைத்தேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. நிறைய நேரம் எடுத்தது. எழும்பினேன்.

"எழும்பீட்டன்," என்றேன்.

"தெரியுது," என்றார் இவர். பின்னால் கோத்திருந்த கைகளை அப்போதுதான் விட்டார்.

மூன்றாம் சுற்று தொடங்கிய வேகத்திலேயே முடிந்தது. முதல் அடியில் இவருடைய கால்விரல் என் பாதத்தில் இலேசாக உரசியது. நான் தொட்டுக் கும்பிட்டுத் தோற்றதைப் பார்த்துச் சிரித்த மனிசன், முப்பது பேருக்கும் நாய்களுக்கும் முன்னால் குனிந்து, விரல் புல்லிலும் பட, என் காலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ஒரு புல்லுத் துண்டு இமையில் ஒட்டிக்கொண்டது.

"கை! தோல்வி! வதனி வென்றாள்!" என்றாள் மீ-சுக்.

எல்லாரும் சிரித்தார்கள். இவர் நிமிர்ந்து எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "இது இப்ப பட்டதுக்கில்லையப்பா. முந்தி உம்மை விழுத்தினதுக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வென்றவள் அழக்கூடாது என்று மீ-சுக் என் வாய்க்குள் வத்தகப்பழத் துண்டை அடைத்தாள். இமையில் இருந்த புல்லை நான்தான் எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கைபேசியை என் முன்னால் வைத்து, அந்தக் கடிதத்தை அழித்தார். "நாளைக்கு நீரே வேலைக்கு ஃபோன் எடுத்துக் கதையும்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் எடுத்துக் கதைத்தேன்.

உப்பு

கோடையும் இலையுதிர் காலமும் நடப்பதில் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. யாரும் நடப்பார்கள். பரீட்சை மார்கழியில் வந்தது. ஒருநாள் இரவு மழை பெய்து அப்படியே உறைந்தது.

இவர் வழக்கம்போல் எனக்கு முன்னமே பிறம்ரனுக்குப் போய்விட்டார். நான் சப்பாத்தைக் கொளுவி, தொப்பியை இழுத்துவிட்டு, கதவைத் திறந்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் வீதியெல்லாம் பளபளத்தது. கை கதவுப்பிடியில் நின்றது. மறைத்து என்ன, நின்றதுதான்.

பிறகு கீழே பார்த்தேன். படிகளில் கல்லுப்பு தூவியிருந்தது. முதல் படி, இரண்டாம் படி, வாசல் நடைபாதை. இவர் போகமுன்னர் போட்டிருக்கிறார். அதன் வழியே கண்ணைக் கொண்டுபோனேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் போகும் என்றுதான் நினைத்தேன். எங்கள் வாசல் முடிகிற இடத்தில் உப்பு நின்றுவிட்டது. வாளி அங்கேயே, இன்னும் பாதி நிறைய, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் ஒரு கல்லுக்கூட இல்லை. வெறும் ஐஸ்.

அந்த மனிசன் அவ்விடத்தில் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நான் முழங்காலை அமுக்கினேன். ஒரு காலை முன்னால் வைத்தேன். ஐந்தாவது வீட்டு வாசலில் கொஞ்சம் சறுக்கியது. "எக்கு!" என்று கத்தினேன், யாருடைய நாயோ உள்ளே இருந்து குரைத்தது. பஸ் வர இன்னும் நாலு நிமிடம் இருந்தது.